செத்தவை எத்தனை, மாறியவை எத்தனை: ஈஸ்ட்டில் டிஎன்ஏ பழுதுபார்ப்புக் குறையை அளக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரசாயனம் டிஎன்ஏவைக் காயப்படுத்தும், காயம் சடுதிமாற்றமாகும், பழுதுபார்க்கும் மரபணு ஒன்றை நீக்கிவிட்டால் சடுதிமாற்றம் இன்னும் ஏறும். ஆய்வகத்துக்குள் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கோடுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ரெவ்3 மரபணு இல்லாத ஈஸ்ட்டுக்கு மெத்தில் மீத்தேன்சல்ஃபோனேட் கொடுத்துப் பார்த்த அன்றைக்கே அந்தக் கணக்கு உடைந்தது. செல்கள் சரமாரியாகச் செத்தன. பிழைத்தவற்றில் புதுச் சடுதிமாற்றம் கிட்டத்தட்ட இல்லை. பிளேட்டை மாற்றி வைத்துவிட்டேனோ என்று இரண்டாம் முறை செய்தேன். அதே முடிவு.

பிளேட்டில் தவறு இல்லை, என் கணக்கில்தான் தவறு. ரசாயனம் காயத்தை மட்டும்தான் போடுகிறது. அதைச் சடுதிமாற்றமாக எழுதிவைப்பது செல்லே. பழுதுபார்ப்பு இயந்திரங்களில் சில காயத்தைத் துடைக்கின்றன, சில காயத்தோடு சமாளித்துக்கொண்டு போகின்றன. சமாளிக்கிற வகைதான் பிழையையும் எழுதுகிறது. எந்த வகையை நீங்கள் நீக்கினீர்கள் என்பதைப் பொறுத்துச் சடுதிமாற்றம் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். ஆகவே எத்தனை செத்தன, எத்தனை மாறின என்ற இரண்டு கணக்கையும் ஒரே சோதனையில், ஒரே குழாயிலிருந்து எடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எழுத்து முறை பற்றி ஒரு வார்த்தை. ஈஸ்ட் ஆய்வில் வேலை செய்யும் மரபணுவைப் பெரிய எழுத்திலும், பழுதானதைச் சிறிய எழுத்திலும் எழுதுவார்கள். தமிழில் அந்த வசதி இல்லாததால் "மேக்1 இழந்த ஸ்ட்ரெயின்" என்று விரித்தே எழுதுகிறேன். ஸ்ட்ரெயின் என்றால் ஒரே மரபணு அமைப்புள்ள ஈஸ்ட் வகை.

படி 1: ரசாயனத்தையும் மரபணுவையும் ஜோடி சேருங்கள்

எந்த ரசாயனம் எந்தக் காயத்தைப் போடுகிறது, அந்தக் காயத்தை யார் துடைக்கிறார்கள் என்று தெரியாமல் சோதனையைத் தொடங்காதீர்கள். ஜோடி பொருந்தாவிட்டால் ஒரு மாதம் வேலை செய்தும் ஒன்றும் தெரியாது.

மெத்தில் மீத்தேன்சல்ஃபோனேட்டை எல்லோரும் எம்எம்எஸ் என்றே சொல்கிறோம். அது டிஎன்ஏவின் காரங்களில், அதாவது அதன் எழுத்துகளில், மெத்தில் தொகுதியை ஒட்டுகிறது. ஒட்டுவதில் பெரும்பகுதி குவானைனின் 7ஆம் இடத்தில் போய் உட்காரும். அதனால் பெரிய தொந்தரவு இல்லை. அடினைனின் 3ஆம் இடத்தில் உட்காரும் சிறுபகுதிதான் ஆளைக் கொல்கிறது. டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் அங்கே வந்து முட்டி நின்றுவிடும். இந்த 3-மெத்தில் அடினைனை வெட்டி எடுக்கும் நொதி மேக்1. அது வெட்டிய பிறகு காரம் இல்லாத ஒரு வெற்றிடம் மிஞ்சும். அந்த இடத்தில் இழையை அறுத்து அடுத்த வேலைக்குத் தயார் செய்வது ஏபிஎன்1. இந்த வழிக்குக் கார வெட்டுப் பழுதுநீக்கம் என்று பெயர்.

எத்தில் மீத்தேன்சல்ஃபோனேட், அதாவது இஎம்எஸ், குவானைனின் 6ஆம் ஆக்சிஜனிலும் எத்திலை ஒட்டும். அப்படி ஒட்டிய குவானைன் சைட்டோசினுக்குப் பதிலாகத் தைமினோடு ஜோடி சேர்ந்துகொள்ளும். இஎம்எஸ்ஸில் கிடைக்கும் சடுதிமாற்றங்கள் பெரும்பாலும் ஜிசி (குவானைன்-சைட்டோசின்) ஜோடி ஏடி (அடினைன்-தைமின்) ஜோடியாக மாறியவையாக இருப்பது இதனால்தான். எம்என்என்ஜி என்ற நைட்ரோசோகுவானிடின் இதே இடத்தில் மெத்திலை ஒட்டும். அந்த மெத்திலைத் தன்மேல் வாங்கிக்கொண்டு குவானைனைச் சுத்தம் செய்வது எம்ஜிடி1 புரதம். ஒரு மூலக்கூறு ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும், அதோடு அதன் கதை முடிந்தது.

4-நைட்ரோகுவினோலின் ஆக்சைடு பருமனான ஒட்டுகளைப் போடும், அதிலும் குவானைனில்தான் அதிகம். புற ஊதாக் கதிர் போடும் காயத்தைப் போலவே இதையும் நியூக்ளியோடைடு வெட்டுப் பழுதுநீக்கம் கையாள்கிறது. ராட்1, ராட்2, ராட்4, ராட்10, ராட்14 எல்லாம் அந்தக் குழு. இந்த ரசாயனத்தை வைத்து வேலை செய்பவர்கள் எஸ்என்க்யூ2 என்ற பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பழுதுபார்க்கும் மரபணு அல்ல. நைட்ரோகுவினோலினைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்ப். உங்கள் ஸ்ட்ரெயினில் அது பழுதாகியிருந்தால் பழுதுபார்ப்பு முழுதாக இருந்தாலும் செல் சாகும்.

அஃப்ளாடாக்சின், பென்சோபைரீன் மாதிரியானவற்றை முதல் சோதனைக்கு எடுக்க வேண்டாம். அவை கல்லீரல் நொதிகளால் மாற்றப்பட்ட பிறகுதான் டிஎன்ஏவைத் தொடும். ஈஸ்ட்டிடம் அந்த வேலைக்குப் போதுமான நொதிகள் இல்லை.

புதியவர்களுக்கு என் பரிந்துரை எம்எம்எஸ். தானாகவே வினைபுரியும், நிறுத்துவது எளிது, ஒப்பிட்டுப் பார்க்க நிறையப் பழைய முடிவுகள் இருக்கின்றன.

படி 2: ஸ்ட்ரெயின்களைத் தேர்ந்தெடுங்கள்

குறைந்தது ஐந்து வேண்டும்: இயல்பான ஸ்ட்ரெயின், மேக்1 இழந்தது, ரெவ்3 இழந்தது, ராட்52 (உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்வது) இழந்தது, எம்எஸ்எச்2 (நகலெடுப்புப் பிழையைத் திருத்துவது) இழந்தது. இந்த ஐந்தும் ஐந்து விதமாக நடந்துகொள்ளும், அதற்காகத்தான் இந்தத் தேர்வு. எல்லாம் ஒரே மரபணுப் பின்னணியிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். ஒன்றை ஒரு பின்னணியிலும் இன்னொன்றை வேறொரு பின்னணியிலும் வைத்து ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது எந்த வித்தியாசம் என்றே தெரியாது.

சடுதிமாற்றத்தை எண்ண நாம் பயன்படுத்தப்போவது கேன்1 மரபணு. 5ஆம் குரோமோசோமின் இடக்கை நுனிக்கு அருகில் இருக்கிறது. ஆர்ஜினைனைச் செல்லுக்குள் கொண்டுவரும் வாசற்கதவு அதன் புரதம். கனாவனைன் என்பது ஆர்ஜினைன் வேடமிட்ட நஞ்சு. அதே கதவு வழியாக உள்ளே நுழைந்து, புரதங்களில் ஆர்ஜினைன் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து செல்லைக் கொல்லும். கேன்1 பழுதானால் கதவு மூடிவிடும், செல் பிழைக்கும். ஆகவே கனாவனைன் பிளேட்டில் வளரும் ஒவ்வொரு காலனியும் கேன்1-இல் நடந்த ஒரு பழுது. சுமார் 1,770 காரம் நீளமுள்ள மரபணுவில் எங்கே எந்த விதமாகப் பழுது விழுந்தாலும் இது காட்டிக்கொடுக்கும். காரம் மாறியிருக்கலாம், ஓர் எழுத்து விடுபட்டிருக்கலாம், மரபணுவே காணாமல் போயிருக்கலாம். குறிப்பிட்ட ஓர் எழுத்து மட்டும் திரும்பி மாறுவதை எண்ணும் முறைகளைவிட, தொடக்கத்துக்கு இதுவே நல்லது.

இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். டபிள்யூ303 என்ற ஸ்ட்ரெயினை எடுத்து, பிளேட் ஊற்றி, செல்லைத் தடவி, மூன்றாம் நாள் திறந்து பார்த்தால் எண்ணவே முடியாதபடி பிளேட் முழுக்கப் பாய் விரித்த மாதிரி வளர்ந்திருந்தது. கனாவனைன் போட மறந்துவிட்டோமோ என்று புதிதாக ஊற்றினேன். மறுபடியும் பாய். டபிள்யூ303-இல் கேன்1 பிறவியிலேயே பழுது என்பது ஸ்ட்ரெயின் விவரத் தாளில் முதல் வரியிலேயே எழுதியிருந்தது. நான்தான் படிக்கவில்லை. பிஒய்4741-இல் கேன்1 நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு மரபணுவாக நீக்கிய தொகுப்பும் அதே பின்னணியில் கிடைக்கிறது. அதையே எடுங்கள். ஆனால் அதில் யூரா3 மரபணு நீக்கப்பட்டிருப்பதால், 5-எஃப்ஓஏ மருந்தை வைத்து யூரா3 சடுதிமாற்றம் எண்ணும் முறைக்கு அது ஆகாது.

ஸ்ட்ரெயின் ஒற்றைத்தொகுதி கொண்டதாக, அதாவது ஹாப்ளாய்டாக, இருக்க வேண்டும். இரட்டைத்தொகுதி செல்லில் கேன்1 இரண்டு இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றது கதவைத் திறந்தே வைத்திருக்கும்.

வந்த ஸ்ட்ரெயினைப் பிசிஆர் வைத்துச் சரிபார்த்து, அன்றைக்கே கிளிசரால் கலந்து மைனஸ் 80-இல் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் அங்கிருந்தே புதிதாக எடுக்க வேண்டும். குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் கிடந்த பிளேட்டிலிருந்து எடுத்த எம்எஸ்எச்2 இழந்த ஸ்ட்ரெயின், நீங்கள் வாங்கிய ஸ்ட்ரெயினே அல்ல. அது நாளுக்கு நாள் தன்னைத்தானே மாற்றி எழுதிக்கொண்டிருக்கும்.

படி 3: பிளேட்டுகளை ஊற்றுங்கள்

மூன்று வகை போதும். உயிர்ப்பை எண்ண வைபிடி: ஈஸ்ட் சாறு 1 சதவீதம், பெப்டோன் 2, குளுக்கோஸ் 2, அகார் 2. அடுத்தது ஆர்ஜினைன் இல்லாத செயற்கை ஊடகம். மூன்றாவது, அதே ஊடகத்தில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் கனாவனைன் சேர்த்தது.

ஆர்ஜினைன் இருக்கவே கூடாது. இருந்தால் அது கனாவனைனோடு போட்டி போட்டு நஞ்சை மழுக்கிவிடும். நைட்ரஜனுக்கு அம்மோனியம் சல்ஃபேட்டையே பயன்படுத்துங்கள். புரோலினைப் போட்டால் கேப்1 என்ற பொதுக்கதவு திறந்துகொள்ளும், கேன்1 மூடியிருந்தாலும் கனாவனைன் அந்த வழியாக உள்ளே போய்விடும். எதிர்ப்புள்ள செல்லும் செத்துவிட, சடுதிமாற்றமே இல்லை என்று நீங்கள் எழுதி வைப்பீர்கள். கனாவனைனை வடிகட்டிச் சுத்தம் செய்து, ஊடகம் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு கலக்குங்கள்.

படி 4: எவ்வளவு மருந்து என்பதைப் புள்ளிச் சோதனையில் கண்டுபிடியுங்கள்

நேராகப் பெரிய சோதனைக்குப் போகாதீர்கள். வைபிடி பிளேட்டில் எம்எம்எஸ் 0.005, 0.01, 0.02 சதவீதம் என்று கலந்து, ஒவ்வொரு ஸ்ட்ரெயினையும் பத்துப் பத்து மடங்காக நீர்த்து வரிசையாகப் புள்ளி வையுங்கள். எம்எம்எஸ் தண்ணீரில் மெல்லச் சிதையும். அதனால் ஊற்றிய பிளேட்டை அன்றே பயன்படுத்த வேண்டும். போன வாரம் ஊற்றிய பிளேட்டில் ராட்52 இழந்த ஸ்ட்ரெயின் ஜம்மென்று வளர்ந்தால் மகிழ வேண்டாம்.

இரண்டு மூன்று நாளில் வரிசை தெரிந்துவிடும். ராட்52 இழந்தது மிகக் குறைந்த அளவிலேயே காணாமல் போகும். மேக்1, ரெவ்3 இழந்தவை இயல்பானதைவிட முன்னதாக மெலியும். எம்எஸ்எச்2 இழந்தது இயல்பானதைப் போலவே இருக்கும். இதை வைத்து ஒவ்வொரு ஸ்ட்ரெயினுக்கும் தனித்தனி அளவு வரம்பு தீர்மானியுங்கள். இயல்பான ஸ்ட்ரெயினில் பாதி சாகும் அளவை ராட்52 இழந்ததற்குக் கொடுத்தால் எண்ண ஒரு காலனிகூட மிஞ்சாது.

படி 5: மருந்து கொடுங்கள், நிறுத்துங்கள்

எம்எம்எஸ்ஸும் இஎம்எஸ்ஸும் ஈஸ்ட் டிஎன்ஏவுக்குச் செய்வதையேதான் உங்கள் டிஎன்ஏவுக்கும் செய்யும். புகை உறிஞ்சும் அடுக்குக்குள்ளேயே வேலை, இரண்டு அடுக்குக் கையுறை, ஒரு துளி பட்டாலும் உடனே மாற்றல். பக்கத்தில் சோடியம் தயோசல்ஃபேட் கரைசல் ஒரு பீக்கர் தயாராக இருக்கட்டும். டிப் (பைப்பெட் முனை), குழாய், மிச்சம் எல்லாம் அதில் ஊறிய பிறகே ஆய்வக விதிப்படி கழிவுக்குப் போக வேண்டும். முதல் தடவை தனியாகச் செய்யாதீர்கள்.

செய்முறை இது. முந்தின இரவு வைபிடியில் ஊன்றிய கல்ச்சரைக் காலையில் நீர்த்து, 30 டிகிரியில் மில்லிக்கு ஒரு கோடி செல் வரும்வரை வளருங்கள். ஓடி எனப்படும் ஒளி அடர்த்தி அளவை மட்டும் நம்பாமல் நுண்ணோக்கியில் எண்ணுங்கள். பழுதுபார்ப்புக் குறையுள்ள ஸ்ட்ரெயின்களில் பெருத்த செல், செத்த செல் எல்லாம் கலந்திருக்கும், ஓடி பொய் சொல்லும். செல்களைக் கழுவி, பிஎச் 7 பாஸ்பேட் கரைசலில் மில்லிக்கு இரண்டு கோடியாகக் கலக்குங்கள். வைபிடியிலேயே மருந்து கொடுத்தால் பெப்டோனும் மருந்தைக் குடித்துவிடும்.

தூய எம்எம்எஸ் ஏறக்குறைய 11.8 மோலார். 0.1 சதவீதம் என்பது மில்லிக்கு ஒரு மைக்ரோலிட்டர், அதாவது 11.8 மில்லிமோலார். இயல்பான ஸ்ட்ரெயினுக்கு இந்த அளவைச் சுற்றி நான்கைந்து அளவுகள், 30 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம், குழாய் உருண்டுகொண்டே இருக்க வேண்டும். மருந்து கனமானது, அடியில் தங்கிவிடும். சேர்த்தவுடன் நன்றாகச் சுழற்றுங்கள். ஒவ்வொரு ஸ்ட்ரெயினுக்கும் மருந்தில்லாத குழாய் ஒன்று கட்டாயம். அதற்கும் அதே கழுவல், அதே காத்திருப்பு.

நேரம் முடிந்ததும் சம அளவு 10 சதவீத சோடியம் தயோசல்ஃபேட் ஊற்றி நிறுத்தி, இரண்டு முறை கழுவுங்கள். உடனே ஒரு பகுதியை நீர்த்து வைபிடியில் தடவுங்கள். இதுதான் சாவுக் கணக்கு.

படி 6: வளரவிடுங்கள்

புதியவர்கள் தாண்டிப் போகும் படி இது. மருந்து கொடுத்த கையோடு கனாவனைன் பிளேட்டில் தடவினால் சடுதிமாற்றம் பெற்ற செல்லும் செத்துவிடும். மரபணு கெட்டுவிட்டது சரி, ஆனால் பழைய கதவுகள் இன்னும் சவ்வில் உட்கார்ந்திருக்கின்றன. அவை நீர்த்துப்போகச் சில தலைமுறை வேண்டும். அதோடு, காயம் சடுதிமாற்றமாக நிலைபெறவே செல் ஒருமுறை டிஎன்ஏவை நகலெடுத்தாக வேண்டும். ஆகவே மருந்து கழுவிய செல்களைப் புது வைபிடியில் போட்டு மூன்று நான்கு தலைமுறையாவது வளருங்கள். இயல்பான செல் நல்ல ஊடகத்தில் சுமார் ஒன்றரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும். காயம்பட்டது முதலில் வெகுநேரம் சும்மா நிற்கும். அந்த நேரத்தில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். தாயும் மொட்டும் ஒரே பருமனாக, டம்பெல் மாதிரி, அப்படியே உறைந்து நிற்கும். காயத்தைச் சரிசெய்யாமல் பிரியமாட்டேன் என்று நிற்கும் செல்கள் அவை. அந்த நிறுத்தத்தைப் போடும் மரபணுக்களில் ஒன்று ராட்9. 1988இல் டெட் வைனர்ட்டும் லீலண்ட் ஹார்ட்வெல்லும் அதைக் காட்டினார்கள்.

ஒரு கணக்கு முக்கியம். வளரவிடும் குழாய்க்குள் போகும் உயிருள்ள செல்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஐம்பதாயிரத்தில் ஒன்று மாறும் என்று எதிர்பார்த்தால், பத்து லட்சம் பிழைத்த செல்லை உள்ளே விட்டால் மாறியவை இருபது. ஒரு லட்சம் விட்டால் இரண்டே இரண்டு. இரண்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மொத்தச் செல்லை எண்ணாதீர்கள், பிழைத்தவற்றை எண்ணுங்கள்.

படி 7: தடவி எண்ணுங்கள்

வளர்ந்த கல்ச்சரை நீர்த்து கனாவனைன் இல்லாத செயற்கைப் பிளேட்டிலும், நீர்க்காமலோ குறைவாக நீர்த்தோ கனாவனைன் பிளேட்டிலும் தடவுங்கள். ஒரு கனாவனைன் பிளேட்டுக்குச் சுமார் ஒரு கோடி செல்லுக்கு மேல் போடாதீர்கள். நெருக்கியடித்தால் சாகிற செல்களின் மூட்டம் காலனியை மறைக்கும். மூன்று நான்கு நாள் கழித்து எண்ணுங்கள். மெதுவாக வளரும் ஸ்ட்ரெயினுக்கு இன்னொரு நாள் கொடுக்கலாம்.

கணக்கு எப்படிப் போகிறது என்று பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் வைத்தவை. மருந்தில்லாத இயல்பான ஸ்ட்ரெயினை ஒரு லட்சம் மடங்கு நீர்த்து 100 மைக்ரோலிட்டர் தடவியதில் 105 காலனி. மில்லிக்கு 105 × 10 × 1,00,000, அதாவது பத்தரைக் கோடி உயிர்ச் செல். நீர்க்காமல் அதே அளவு தடவிய கனாவனைன் பிளேட்டில் 21 காலனி, மில்லிக்கு 210. வகுத்தால் பத்து லட்சத்துக்கு 2. இது தானாக நேர்ந்த சடுதிமாற்றம். மருந்து கொடுத்த குழாயில் மில்லிக்கு ஏழரைக் கோடி உயிர்ச் செல். கனாவனைன் பிளேட்டில் பத்து மடங்கு நீர்த்துத் தடவியதில் 45 காலனி, மில்லிக்கு 4,500. பத்து லட்சத்துக்கு 60. அதில் 2-ஐக் கழித்தால் ரசாயனம் கூட்டியது 58.

கழிக்க மறந்தால் என்ன ஆகும் என்பதை எம்எஸ்எச்2 இழந்த ஸ்ட்ரெயினில் பார்க்கலாம். அதில் மருந்தே இல்லாமல் சடுதிமாற்றம் பல பத்து மடங்கு அதிகம். நகலெடுக்கும்போது விழும் பொருந்தாத ஜோடிகளைத் திருத்துவது எம்எஸ்எச்2-இன் வேலை, அது இல்லாவிட்டால் சாதாரண நாளே கெட்ட நாள்தான். "மருந்தால் எகிறிவிட்டது" என்று நினைத்த எண்ணில் பெரும்பங்கு கல்ச்சரில் முன்னமே இருந்ததாக இருக்கும்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. கல்ச்சர் வளரத் தொடங்கும்போதே ஒரு செல் மாறிவிட்டால் அதன் வம்சம் முழுக்கக் கணக்கில் வந்து எண்ணை ஏற்றிவிடும். லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1943இல் பாக்டீரியாவில் காட்டியது இதைத்தான். ஆகவே தானாக நேரும் வேகத்தை அளக்க, ஒவ்வொரு ஸ்ட்ரெயினுக்கும் தனித்தனிக் காலனியிலிருந்து தொடங்கிய பத்துப் பதினைந்து சிறு கல்ச்சர் வைத்து நடு எண்ணை, அதாவது மீடியனை, எடுங்கள். சராசரி வேண்டாம்.

படி 8: இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

பிழைத்தவை எத்தனை சதவீதம் என்பதை ஒரு அச்சிலும், கூடிய சடுதிமாற்றத்தை இன்னொரு அச்சிலும் வரையுங்கள். ஒரே மருந்தளவில் ஒப்பிடுவது ஒன்று, ஒரே அளவு உயிர்ப்பில் ஒப்பிடுவது வேறு. இரண்டையும் பார்க்க வேண்டும்.

மேக்1 இழந்தது அதிகம் சாகும், அதிகம் மாறும். துடைக்க வேண்டிய காயம் துடைக்கப்படாமல் நகலெடுக்கும் நேரம்வரை நிற்கிறது. அங்கே முட்டிய பாலிமரேஸை மீட்க, பிழை செய்யும் வழி அழைக்கப்படுகிறது. ராட்1 இழந்ததற்கு நைட்ரோகுவினோலினையும், எம்ஜிடி1 இழந்ததற்கு எம்என்என்ஜியையும் கொடுத்தால் இதே தோற்றம். சரி, அப்படியானால் மேக்1-ஐ நிறையத் தயாரிக்கவைத்தால் நல்லதா? இல்லை. அதுவும் சடுதிமாற்றத்தை ஏற்றுகிறது. மேக்1 வெட்டுகிற வேகத்துக்கு ஏபிஎன்1 ஈடுகொடுக்க முடியாமல் வெற்றிடங்கள் குவிந்துவிடும். குழி தோண்டுபவர் ஆயிரம் பேர், மூடுபவர் பத்துப் பேர் என்ற கதை.

ரெவ்3 இழந்தது அதிகம் சாகும், மிகக் குறைவாகவே மாறும். ரெவ்3-உம் ரெவ்7-உம் சேர்ந்தது பாலிமரேஸ் ஸீட்டா. முட்டி நின்ற இடத்தைத் தாண்டி எதையோ எழுதிக்கொண்டு போகும் பாலிமரேஸ் அது. அதுவே இல்லையென்றால் காயத்தின் எதிரே தப்பாக எழுத ஆளே இல்லை. பிழையில்லாத வழி கிடைத்த செல் பிழைக்கும், கிடைக்காதது சாகும். 1971இல் ஜெஃப்ரி லெமன்ட் ரெவ்3 உள்ளிட்ட மரபணுக்களைக் கண்டெடுத்ததே, புற ஊதாக் கதிர் பட்டும் திரும்பி மாறாத ஈஸ்ட்டைத் தேடித்தான். பெயரிலுள்ள "ரெவ்" அந்தத் திரும்பலைக் குறிப்பது. 1974இல் லூயிஸ் பிரகாஷ் இதை ரசாயனங்களுக்கு விரித்தார். ராட்6 அல்லது ராட்9 இழந்த ஈஸ்ட்டில் இஎம்எஸ், எம்எம்எஸ், நைட்ரோகுவினோலின், எம்என்என்ஜி, நைட்ரஜன் மஸ்டர்ட் எல்லாவற்றாலும் வரும் சடுதிமாற்றம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் நைட்ரஸ் அமிலம் குறைந்த அளவுகளில் இயல்பான ஸ்ட்ரெயினில் மாற்றுகிற அதே அளவுக்கு மாற்றியது. அது சைட்டோசினையே யூராசிலாக்கிவிடும். பாலிமரேஸ் முட்டி நிற்கவே தேவையில்லை, தப்பான எழுத்து தானாகவே படிக்கப்பட்டுவிடும் என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

பிழை செய்யும் வழி, பிழையில்லாத வழி இரண்டுக்கும் ராட்6தான் முன்வாசல். ராட்18-உடன் சேர்ந்து, நகலெடுக்கும் வளையமான பிசிஎன்ஏவில் யூபிக்விடின் என்ற சிறு புரதம் ஒன்றை ஒட்டினால் பிழை செய்யும் வழி திறக்கிறது. எம்எம்எஸ்2, யுபிசி13, ராட்5 மூன்றும் அதை ஒரு சங்கிலியாக நீட்டினால் பிழையில்லாத வழி. இந்த எம்எம்எஸ்2 மரபணுவின் பெயர். ரசாயனத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், முன்பு நானும் குழப்பிக்கொண்டதுண்டு. எம்எம்எஸ்2 இழந்த ஸ்ட்ரெயினில் பாரம் முழுக்கப் பிழை வழியில் விழும், மருந்தில்லாமலே சடுதிமாற்றம் ஏறும். அதில் ரெவ்3-ஐயும் எடுத்துவிட்டால் அந்த ஏற்றம் மறையும், ஆனால் எம்எம்எஸ் ரசாயனத்தைக் கண்டால் இரண்டும் இழந்த ஸ்ட்ரெயின், ஒன்றை மட்டும் இழந்தவற்றைவிட எவ்வளவோ மோசமாகச் சாகும்.

ராட்52 இழந்தது குறைந்த மருந்திலேயே பெருமளவில் சாகும். உடைந்த டிஎன்ஏவைச் சகோதர நகலைப் பார்த்துச் சரிசெய்யும் வழி அதில் இல்லை. தானாக நேரும் சடுதிமாற்றமும் அதில் கொஞ்சம் கூடுதல், அதில் பெரும்பங்கு ரெவ்3 செய்யும் வேலை. கூடிய எண்ணைப் படிக்கும்போது உயிர்ப்பு எவ்வளவு என்பதை அருகிலேயே குறித்துவையுங்கள். நூற்றில் ஒன்று பிழைத்த குழாயிலிருந்து வரும் எண் எப்போதும் ஆட்டம் காட்டும்.

படி 9: சில காலனிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள்

எத்தனை மாறின என்று தெரிந்த பிறகு, எப்படி மாறின என்று பார்க்கலாம். ஒரு குழாயிலிருந்து ஒரே ஒரு கனாவனைன் காலனியை எடுங்கள். இரண்டு எடுத்தால் அவை ஒரே செல்லின் வாரிசுகளாக இருக்கலாம். கேன்1 முழுவதையும் பிசிஆர் செய்து, மூன்று நான்கு பிரைமர் வைத்து வரிசை படித்தால் போதும்.

இஎம்எஸ் கொடுத்தவற்றில் ஜிசி ஏடியாக மாறியது குவிந்து கிடக்கும். எம்எஸ்எச்2 இழந்ததில் ஏ அல்லது டி தொடர்ந்து வரும் இடங்களில் ஓர் எழுத்து விடுபட்டவை அதிகம். சில காலனிகளில் பிசிஆர் ஒன்றுமே தராது. உடனே குப்பையில் போடாதீர்கள். கேன்1 குரோமோசோம் நுனிக்கு அருகில் இருப்பதால், அந்த நுனித்துண்டு முழுவதும் உதிர்ந்துபோயும் ஹாப்ளாய்டு செல் பிழைக்க முடியும். முதலில் வேறொரு மரபணுவுக்குப் பிசிஆர் செய்து டிஎன்ஏ நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அது வந்து கேன்1 மட்டும் வராவிட்டால், அந்தக் காலனிக்கு ஒரு எண் போட்டு மைனஸ் 80-இல் தனி வரிசையில் வையுங்கள். என் பெட்டியில் அப்படி ஒரு வரிசை ராட்52 இழந்தவற்றிலிருந்தே பாதி நிரம்பியிருக்கிறது.